முகம் மட்டும் அவளுடையது

என் தங்கை மகளுக்கு மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டுச் சடங்கு வைப்பதென்று முடிவானபோது நான் எதிர்த்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான் எப்படி இதற்கு உடன்பட்டேன் என்று, பின்னால் நடந்ததை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள் கல்யாண வீடுகளில் பேசியிருக்கிறார்கள். நான் உடன்படவில்லை. தோற்றேன். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

என்னைத் தோற்கடித்தது என் தம்பி. அவன் திருமங்கலத்தில் மண் அள்ளும் இயந்திரங்கள் வைத்து ஒப்பந்த வேலை செய்கிறான். பெண்ணுக்குத் தாய்மாமன், சீர் கொண்டுவர வேண்டியவன். எங்கள் அப்பா பிறர் வயலில் நாற்றுக்கட்டுச் சுமந்தவர். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு விசேஷத்தின் சத்தம் எங்கள் தெருவைத் தாண்டிக் கேட்டதில்லை. கேட்க விடமாட்டார்கள்.

"மேளம் அடிச்சுப் போக விடாத ரோட்டுல நா வண்டி வண்டியாச் சீர் கொண்டாருவேன்க்கா," என்றான் தம்பி. "நீ காலேசு படிச்ச, பெரிய டீச்சரான. உன் பேர ஊரு சொல்லுது. எனக்குச் சொல்லிக்க வேற என்னக்கா இருக்கு?"

இதற்குப் பதில் சொல்லும் படிப்பை எந்தக் கல்லூரியும் எனக்குத் தரவில்லை. சில நிபந்தனைகளை மட்டும் விதித்தேன். பள்ளி நாட்களில் விழா கூடாது. மேடையில் ஊஞ்சல், புகை, பாட்டுக்கு நடந்து வருவது கூடாது. எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்றான். அவன் சரி என்று சொல்லும் வேகமே எனக்கு நம்பிக்கை தராது.

பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளும் ஒரு நிபந்தனை வைத்தாள். ஸ்டூடியோக்காரர்கள் வெளியிடங்களுக்கு அழைத்துப் போய் எடுக்கும் படப்பிடிப்புக்கு மட்டும் வரமாட்டேன் என்றாள். அவள் வகுப்புத் தோழி ஒருத்திக்குச் சடங்கு நடந்தபோது, அழகர்கோவில் மலையடிவாரத்தில் அந்தச் சிறுமியைக் கிரீடம் வைத்து நடக்கவிட்டு, திரும்பிப் பார்க்கச் சொல்லி, காதல் பாட்டு ஒன்றைச் சேர்த்து வீடியோவாக வெளியிட்டிருந்தார்கள். ஸ்டூடியோ தன் விளம்பரத்துக்கும் அதையே வைத்துக்கொண்டது. டியூஷனுக்கு வரும் பையன்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் அது ஓடியது.

"அவ இப்ப டியூஷனுக்கே வாரதில்லம்மா," என்று பெண் தன் அம்மாவிடம் சொன்னாள். "நா அங்க வரமாட்டேன். வீட்ல நிக்கச் சொல்லுங்க, நிக்கிறேன்."

அவள் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். படப்பிடிப்பு நடக்கவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

தல்லாகுளத்தில் எங்கள் வீடு மாடி வீடு. கீழே நான், மேலே தங்கையும் அவள் கணவரும் பெண்ணும். தங்கை கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். அதிகம் பேசாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருமுனையில், பள்ளி வேன் வந்து நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, சவுக்குக் கம்புகளில் கட்டிய பிளக்ஸ் ஒன்று நின்றது. தாய்மாமன் வைத்த பிளக்ஸ். கீழ்வரிசையில் உறவினர் படங்கள் சின்னச் சின்ன வட்டங்களுக்குள் இருந்தன. அவற்றில் என் படமும் இருந்தது. என் பணிநிறைவு விழாவில் எடுத்த, மூக்குக்கண்ணாடி அணிந்த படம். என்னைக் கேட்காமல் போட்டிருந்தார்கள். என் கண் முதலில் அங்கேதான் போயிற்று.

பிறகுதான் நடுவில் நின்ற உருவத்தைப் பார்த்தேன். ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. பட்டுப் பாவாடை, தாவணி, ஒட்டியாணம், கழுத்தை மூடிய நகைகள். திரைப்பட விளம்பரங்களில் நடிகைகள் நிற்பார்களே, அப்படி ஒரு நிலை. அது எட்டாம் வகுப்புப் பிள்ளையின் உடல் அன்று. வளர்ந்த பெண் ஒருத்தியின் உடல். அதன் மேல் எங்கள் பெண்ணின் முகம் இருந்தது. யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் அவள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது தம்பி தன் கைப்பேசியில் எடுத்த முகம். அதை வெளுக்க வைத்து, உதட்டுக்கு நிறம் ஏற்றி, லேசாகச் சாய்த்துப் பொருத்தியிருந்தார்கள். கழுத்தில் ஒட்டுப்போட்ட இடம் நகைக்குள் மறைந்திருந்தது. படப்பிடிப்புக்குப் பெண் வராததால், பிளக்ஸ் அச்சடிக்கும் கடைக்காரன் தன்னிடம் தயாராக இருந்த ஓர் உடலை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

தங்கை அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டாள். "முகம் எம்புட்டுத் தெளிவா விழுந்திருக்கு பாருக்கா," என்றாள். தெருவில் போன உறவுக்காரர் ஒருவரும் அதையே சொன்னார். முகத்துக்குக் கீழே இருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏனென்று எனக்குத் தெரியும். அதே தெருமுனையில் ஜவுளிக்கடை விளம்பரத்தில் ஒருத்தி அதே மாதிரி நின்றுகொண்டிருக்கிறாள். கோரிப்பாளையம் வரை போனால் நகைக்கடைக்கு ஒருத்தி, முகப்பூச்சுக்கு ஒருத்தி, ஐஸ்கிரீமுக்குக்கூட ஒருத்தி. இவ்வளவு பார்த்த கண்ணுக்கு அந்த உடல் வெறும் பின்னணி. ஆனால் அந்தப் பெண்களுக்கு நடுவே இன்று நிற்பது எங்கள் வீட்டுப் பிள்ளை.

திங்கட்கிழமை காலை வேன் ஏறப் போன பெண் திரும்பி வந்துவிட்டாள். வயிற்று வலி என்றாள். மறுநாளும் வலித்தது. மாலையில் எறிபந்துப் பயிற்சிக்கும் போகவில்லை. அவள் பள்ளி அணியில் சேர ஆசைப்பட்டு வெயிலில் ஆடிக்கொண்டிருந்தவள். அடுத்த திங்கட்கிழமை அணித் தேர்வு. அந்த வாரப் பயிற்சியைத் தவறவிட்டவள் தேர்வுக்கும் போகமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. இத்தனை ஆண்டுகள் பெண் பிள்ளைகளோடு இருந்தவளுக்கு இந்தக் கணக்குத் தெரியும். முதலில் மைதானத்தை விடுவார்கள். பிறகு வகுப்பில் கையைத் தூக்குவதை விடுவார்கள். அதற்குப் பிறகு எதை விட்டார்கள் என்று நமக்கே தெரியாது.

மேலே போனேன். அவள் சன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தாள். தங்கை காய் நறுக்கிக்கொண்டே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வயிற்று வலிக்குச் சன்னலை ஏன் சாத்த வேண்டும்?" என்று கேட்டேன்.

"பெரியம்மா, அது நா இல்ல."

"உன் முகம்தானே."

"முகம் மட்டுந்தான். வேன்ல அண்ணனுங்க அதையும் பாக்குறாங்க, என்னையும் பாக்குறாங்க. 'பிளக்ஸ்ல ஹீரோயின் மாதிரி இருக்க, நேர்ல யாரோ வந்து ஏறுற'ன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. டிரைவர் அண்ணனும் சிரிச்சாரு."

"சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்," என்றேன். பள்ளியில் சொல்லிப் பழகிய வாக்கியம். அவளுக்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அவங்க சிரிக்கிறதுகூடப் பரவால்ல பெரியம்மா. நீங்க யாருமே ஒண்ணும் சொல்லலையே. அம்மா ஸ்டேட்டஸ் வச்சிருக்காங்க. அப்ப நா அப்படித்தான் இருக்கணும்னு நெனக்கிறீங்களா? அப்படி ஆகலைன்னா?"

தங்கையின் கத்தி நின்றது. அவள் கல்நெஞ்சக்காரி இல்லை, நல்ல தாய். பிள்ளை கைக்குழந்தையாக இருந்த காலம் முதல் ஒவ்வொரு படத்தையும் கைப்பேசியில் வெளுக்க வைத்து, பொட்டு வைத்து, கன்னத்தைச் சிவக்க வைத்துத்தான் ஊருக்குக் காட்டியிருக்கிறாள். எல்லோரும் செய்வதுதான். அந்த ஊழியத்தைப் பிள்ளை பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறது என்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது.

"அண்ணங்கிட்ட எப்படிக்கா எடுக்கச் சொல்லுறது?" என்றாள் மெதுவாக. "தாய்மாமன் வச்சதை எடுக்கச் சொன்னா சீரே வேணாங்கிற மாதிரி. அதோட, சடங்குக்கு முன்னாடி பிளக்ஸ எடுத்தா என்ன பேசுவாய்ங்கன்னு உனக்குத் தெரியும்ல."

தெரியும். பெண்ணுக்கு ஏதோ குறை, வீட்டுக்குள் ஏதோ நடந்துவிட்டது என்று பேசுவார்கள். என் காலத்தில் கட்டிக் காத்த பெயர் எங்கள் குடும்பத்தில் ஒன்றுதான் இருக்கிறது; அது என்னுடையது. அதையும் சேர்த்துத்தான் பேசுவார்கள். "நான் பேசுகிறேன். இரண்டு நாள் பொறு," என்றேன். தம்பியிடம் எந்தச் சொல்லில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தங்கை கணவர் யோசிக்கவில்லை. நாங்கள் பேசியதை அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லாமல், மாநகராட்சியில் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவரிடம், அனுமதியில்லாமல் வைத்த பிளக்ஸ் ஒன்று தெருமுனையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை நண்பகலில் லாரி வந்தது. ஆட்கள் இறங்கிக் கயிற்றை அறுக்காமல் பிளக்ஸையே இழுத்துக் கிழித்தார்கள். எங்கள் பெண்ணின் முகம் மடங்கிக் குப்பைக்கு மேல் விழுந்தது. தெருவே நின்று பார்த்தது.

அவர்கள் எங்கள் பிளக்ஸை மட்டும் எடுத்தார்கள். பக்கத்தில் இருந்த கல்யாண பிளக்ஸ் நின்றது. அரசியல்வாதியின் பிறந்தநாள் பிளக்ஸ் நின்றது. ஜவுளிக்கடை விளம்பரத்துப் பெண்ணும் நின்றாள். தங்கை கணவர் எங்களுடையதைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தார்; மற்றவற்றைச் சேர்த்துச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு பிழையில் மொத்தமும் திசை மாறிற்று.

மாலையில் தம்பி வந்தான். வண்டியை நிறுத்திவிட்டு வெறும் சவுக்குக் கம்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அத்தனை பிளக்ஸ் இருக்கு. நம்ம பிளக்ஸ மட்டும் கிழிக்கிறான். ஏங்க்கா?"

"அனுமதி வாங்கியிருக்க மாட்டாய்."

"எவன் வாங்கினான்? அவுங்கல்லாம் வாங்கியா வச்சிருக்காய்ங்க? நீ படிச்சவ, இப்படித்தான் பேசுவ. எவனோ போன் போட்டிருக்கான். இவனுக எப்படி நம்ம கண்ணு முன்னாடி வளருறானுகன்னு வயிறெரிஞ்சவன். எங்கப்பன் காலத்துல வாயால சொன்னாய்ங்க. இப்ப ஆபீஸ வச்சுச் செய்யுறாய்ங்க."

அவன் சொன்னது இந்த முறை உண்மை இல்லை. ஆனால் அவன் அப்படி நினைத்ததற்கு எங்கள் அப்பாவின் வாழ்க்கை முழுவதும் சாட்சியாக இருந்தது. அந்தக் கோபத்தை அற்பம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை விடிந்தபோது பிளக்ஸ்கள் மறுபடி வந்திருந்தன. தெருமுனையில் முன்னதைவிடப் பெரியது, கோரிப்பாளையத்தில் ஒன்று, திருமங்கலம் பேருந்து நிலையத்தின் முன் ஒன்று. எல்லாவற்றிலும் அதே உடல், அதே சாய்ந்த முகம். இந்த முறை என் படத்தைப் பெரிதாக்கி, பெயருக்குக் கீழே என் பட்டங்களையும் போட்டிருந்தான்.

பெண் சாப்பிடாமல் இருந்தாள். சன்னல் மட்டுமல்ல, இப்போது கதவும் சாத்தியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை கணவர் கீழே வந்து, தான் செய்ததை என்னிடம் சொன்னார். "மதினி, நா இப்படி ஆகும்னு நெனக்கல. மச்சான்கிட்ட சொல்லிரவா?"

"வேண்டாம் மாப்பிள்ளை," என்றேன். "இது இந்தச் சுவர்களுக்குள்ளேயே இருக்கட்டும். அவனிடம் நான் வேறு விதமாகப் பேசி எடுக்க வைக்கிறேன். மாப்பிள்ளையே மாமன் பிளக்ஸைக் கிழிக்க வைத்தார் என்று தெரிந்தால் இரண்டு வீடும் முகம் பார்க்காமல் போய்விடும்." என் கணிப்பு அது. அதை முழுத் தவறென்று இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அன்று பகலில் தம்பி சீர்த்தட்டு விவரம் பேச மேலே வந்தான்; நானும் அங்கே இருந்தேன். பேச்சு தட்டுகளுக்குப் போகவே இல்லை. போன் போட்டவன் யாரென்று கண்டுபிடித்துவிட்டேன் என்றான். எதிர்வீட்டுக்காரர். ஓய்வு பெற்ற அதிகாரி. தெருவில் யாரோடும் அதிகம் பழகாதவர். கிழித்த அன்று அவர் மாடியில் நின்று பார்த்தாராம். அது போதுமாக இருந்தது.

"கேட்டுட்டு வாரேன். ரெண்டே வார்த்தை," என்று எழுந்தான். அவனுடைய ரெண்டு வார்த்தை எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை கணவர் எழுந்து வாசற்படியை மறித்து நின்றார்.

"மச்சான், அவரு இல்ல. எடுக்கச் சொன்னது நாந்தான்."

தம்பி முதலில் சிரித்தான். "நீயா? போ மாப்ள. நீ ஆபீசுல ஒரு பேனாவைக்கூட எடுத்துவைன்னு சொல்லமாட்ட."

"நாந்தான் மச்சான். தெரிஞ்சவர்கிட்ட சொன்னேன்."

சிரிப்பு போயிற்று. தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனியவில்லை. ஆனால் ஒன்றும் சொல்லவும் இல்லை. அவனுக்கு அதுவே போதும்.

"ஓகோ. அக்காவுக்கும் தெரியும். எல்லாருமாச் சேர்ந்துதான். நா ஊருக்கு முன்னாடி எம் மருமகளத் தூக்கி வச்சேன். நீங்க குப்ப வண்டில போட்டீங்க. சரி, அப்ப சீர் வேணாம். அம்புட்டுத்தான. போறேன்."

தங்கை அவன் கையைப் பிடித்தாள். அவன் உதறிவிட்டுச் செருப்பைத் தேடினான். அப்போது உள்ளறைக் கதவு திறந்தது.

பெண் வெளியே வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. "மாமா, ஒரு நிமிசம்," என்றாள்.

"நீ உள்ள போத்தா. இது பெரியவுக பேச்சு."

"என் போட்டோதான மாமா. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அதுல கழுத்துக்குக் கீழ இருக்கிறது யாரு?"

தம்பிக்குக் கேள்வி புரியவில்லை. "யாருன்னா? அது டிசைனுத்தா. எல்லாரும் போடுறதுதான்."

"டிசைன் இல்ல மாமா. கை இருக்கு, நகம் இருக்கு. கையில ஒரு சின்னத் தழும்பு இருக்கு, நா கிட்டப் போயிப் பாத்தேன். யாரோ ஒரு அக்கா. அவங்க உடம்ப எடுத்து என் தலைய வச்சிருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

நாங்கள் யாரும் அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எங்கள் பிள்ளையின் முகம் போனதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தோம். தலை இல்லாமல் போன இன்னொருத்தி எங்கள் நினைவிலேயே இல்லை.

"கடைக்காரர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க மாமா."

மருமகள் கேட்டு அவன் மறுத்ததில்லை. அந்தக் கோபத்திலும் கைப்பேசியை எடுத்தான். அவள் எதிரிலேயே பேசவேண்டும் என்பதற்காகவோ என்னவோ, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"அண்ணே, சொல்லுங்கண்ணே," என்றது கடைக்காரனின் குரல். "பிளக்ஸ் மூணும் பட்டயக் கெளப்புதாமே. இன்னும் ரெண்டு போட்டுருவமா?"

"இரு. அந்தப் படத்துல உடம்பு யாருது?"

"எது, பாடியா? நெட்ல எடுத்ததுண்ணே. ஏதோ மாடலு. ஏன், கேஸ் கீஸு போட்டுருக்காளா?" சொல்லிவிட்டுச் சிரித்தான். "பயப்படாதீங்க. அது ராசியான பாடிண்ணே. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சடங்குக்கு அதான் போட்டேன், உங்க ரோட்டுலயே ஒரு புள்ளைக்கு அதான். தலைய மட்டும் மாத்துனாப் போதும். தாவணிக் கலர் மாத்திருவேன், எவனுக்கும் தெரியாது."

"ஏன்டா, புள்ள போட்டோ குடுத்தேன்ல. அத அப்படியே போட வேண்டியதுதான."

"அப்படியேவா? அண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க. பாப்பா கொஞ்சம் ஒல்லி, கறுப்பு. ரோட்டுல வைக்கிறது எடுப்பா இருக்க வேணாமா? நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரவுக கண்ணுல படும்ல. உங்களுக்காகத்தாண்ணே நா மெனக்கெட்டு வெள்ளையாக்குனேன்."

பெண் தரையைப் பார்க்கவில்லை, மாமனைத்தான் பார்த்தாள்.

"எங்க ஆத்தாவும் கறுப்புதான்டா," என்றான் தம்பி. குரல் உயரவே இல்லை. இணைப்பைத் துண்டித்தான். கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப என்ன செய்யணும்கிற?" என்று கேட்டான் கடைசியில். அந்த விழாவைப் பற்றிப் பேசத் தொடங்கியதிலிருந்து அவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அது.

"எடுத்துருங்க மாமா."

"ஊருக்குள்ள என்ன பேசுவாய்ங்கன்னு தெரியுமா உனக்கு?"

"பேசுவாங்க. நாளைக்கு த்ரோபால் செலக்ஷன். நா வெளிய போகணும் மாமா. வாரமெல்லாம் உள்ளயே இருந்துட்டேன்."

அவன் எழுந்தான். நாங்கள் அவன் முகத்தைப் பார்த்தோம்; ஒன்றும் படிக்க முடியவில்லை. படியில் இறங்கும்போது திரும்பாமலே, "மாப்ள, ஏணி இருந்தா எடு," என்றான். சில படிகள் கழித்து, "எங்கிட்டச் சொல்லியிருக்கணும் நீ," என்றும் சொன்னான். தங்கை கணவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

நானும் போனேன். தெருமுனையில் காரணமில்லாமல் நான் நின்றதே கிடையாது. அன்று நின்றேன். லாரி வந்து எடுத்தால் அவமானம். குடும்பமே வந்து, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க எடுத்தால் அது எங்கள் தீர்மானம். அந்த வேறுபாட்டைத் தெருவுக்குக் காட்ட ஓர் ஆள் அங்கே நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த வேலைக்கு நான் தகுதியானவள்.

தம்பியே ஏணியில் ஏறினான். கயிற்றை அறுக்கக் கத்தி கொடுத்தார் மாப்பிள்ளை, அவன் வாங்கவில்லை. "கிழியக் கூடாது. புள்ள மூஞ்சி இருக்கு," என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தான். தேநீர்க் கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். எதிர்வீட்டு அதிகாரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். காய்கறிப் பையோடு வந்த என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தாய், என் அருகில் வந்து நின்றாள்.

"என்ன டீச்சர், விசேசம் தள்ளிப் போயிருச்சா? பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?" குரலில் அக்கறையும் இருந்தது, ஆவலும் இருந்தது.

எங்கள் வீட்டுச் செய்தியைத் தெருவில் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. என்றாலும் சொன்னேன். தேநீர்க் கடைக்கும் கேட்கட்டும் என்றே சொன்னேன். "விழா தள்ளிப் போகவில்லை. இந்தப் படம் எங்கள் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. அதனால் எடுக்கிறோம்."

"பிள்ளைக்குப் பிடிக்கலைன்னா எடுக்குறீங்க?" என்றாள் அவள், கேட்டது சரிதானா என்பதுபோல. பிறகு ஏணியில் நின்ற தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

கோரிப்பாளையத்திலும் திருமங்கலத்திலும் இருந்தவற்றை அவர்கள் இருவருமே போய் எடுத்தார்கள். திருமங்கலத்தில் தம்பியின் கூட்டாளிகள் கேலி செய்தார்களாம். "மருமக சொன்னா எடுக்க வேண்டியதுதான்," என்று மட்டும் சொன்னானாம். மாப்பிள்ளை எனக்குச் சொன்னது.

சடங்கு பிறகு நடந்தது. தம்பி வண்டி வண்டியாகத்தான் சீர் கொண்டுவந்தான், மேளமும் அடித்தது. பிளக்ஸ் இல்லாத சடங்கு என்பதால் பேச்சு வந்தது. பெண்ணுக்கு உடம்பில் ஏதோ குறை என்று ஒரு பேச்சு. நான் தலையிட்டு என் கொள்கைக்காகப் பிள்ளையின் விசேஷத்தைக் கெடுத்தேன் என்று இன்னொரு பேச்சு. இரண்டாவதை யார் தொடங்கினார்கள் என்றும் எனக்குத் தெரியும். என் பெயருக்கு இதற்கு முன் இப்படி ஒரு கீறல் விழுந்ததில்லை. மறுத்துப் பேசக் கிளம்பினால் பிள்ளையைத்தான் மறுபடி நடுத்தெருவில் நிறுத்த வேண்டிவரும். ஆகவே பேசவில்லை. எளிதாக இருந்தது என்று சொல்லமாட்டேன்.

பள்ளியில் நான் பாவாடையின் நீளத்தையும் பின்னலின் ரிப்பனையும் அளந்து பிள்ளைகளைக் காத்தவள். அந்த அளவுகோல் அன்றைய நாட்களுக்குப் போதுமாக இருந்தது. பிள்ளையின் மேல் ஒரு துணிகூட விலகாமலேயே அவளை அவளிடமிருந்து பறித்துவிட முடியும் என்று ஆன நாட்களில் எந்த அளவுகோலை எடுப்பது என்று என்னைக் கேட்கும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களிடம் நீளமாகப் பேசுவதில்லை. படத்தைப் பிள்ளையிடம் காட்டி, "இது நீதானா?" என்று கேளுங்கள், அவள் "இல்லை" என்றால் அதை உங்கள் மாமனாரிடமும் மைத்துனரிடமும் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்கிறேன். முதல் பாதிக்குத் தலையாட்டுகிறார்கள். இரண்டாம் பாதியைக் கேட்டதும் கைப்பேசியைப் பார்க்கிறார்கள்.

பிளக்ஸை எடுத்த மறுநாள், திங்கட்கிழமை காலை, பெண் வேன் ஏறினாள். நான் சன்னலில் நின்று பார்த்தேன். வேனுக்குள் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவள் திரும்பிப் பதில் சொல்வது தெரிந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. நாள் முழுவதும் எனக்கு எதிலும் கை ஓடவில்லை. தங்கை இரண்டு முறை கீழே வந்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மேலே போனாள்.

மாலையில் கேட் படாரென்று அடித்துக்கொண்டது. பெண் உள்ளே வந்து பையை என் நாற்காலியில் எறிந்தாள். முட்டியில் மண். முகமெல்லாம் வியர்வை.

"என்னை எடுக்கல பெரியம்மா."

தங்கை படியில் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

"லைன மிதிச்சிட்டேனாம். நா மிதிக்கவே இல்ல. அந்த மிஸ்ஸு அந்தப் பக்கம் திரும்பிப் பேசிக்கிட்டு இருந்தாங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்? நா கேட்டேன், 'மிஸ், நீங்க பாத்தீங்களா'ன்னு. எல்லார் முன்னாடியும் கேட்டேன். திட்டுனாங்க. பரவால்ல. நா மிதிக்கல."

"ஆசிரியரிடம் அப்படிப் பேசுவது முறையா?" என்றேன். நாற்பது வருடப் பழக்கம்.

"மிதிக்காம மிதிச்சேன்னு சொன்னா, அது மட்டும் முறையா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. "பசிக்குதும்மா, என்ன இருக்கு?" என்று கத்திக்கொண்டே தாயை இடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.